கொழுப்பின் சரித்திரம் – 6: உத்தரவிட்டது யார்?

சென்ற வாரம் ஆய்வாளர் ஹோவர்ட் கிரீனைக் கண்ணாடித் தட்டின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம். இடம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகம். தட்டில் இருந்தவை எலிக்கருவிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். தட்டு நிரம்பி, அவை பெருகுவதை நிறுத்திய பிறகு சில செல்கள் மட்டும் உருண்டன. உள்ளே மினுமினுவென்று துளிகள் தோன்றின. ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தன. கொழுப்பு!

அந்தச் செல்களைத் தனியே பிரித்து வளர்த்த கிரீன், 1974இல் உலகுக்கு அறிவித்தார். கொழுப்புச் செல் பிறப்பதை இனிக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால், பிறக்கச் சொல்லி உத்தரவிட்டது யார்?

விடை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1994இல் பீட்டர் டொன்டோனோஸும், கிரீனின் ஆய்வகத்தில் முன்பு பயின்ற புரூஸ் ஸ்பீகல்மனும் ஆளைப் பிடித்தார்கள்: பிபிஏஆர்-காமா என்னும் புரதம். சாதாரண இணைப்புத்திசு செல்லுக்குள் அதைப் புகுத்தித் தூண்டியதும், அந்தச் செல் கொழுப்புச் செல்லாகவே மாறிப்போனது! குருவின் கேள்விக்குச் சீடர் விடை கண்ட அந்தக் கட்டத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

எலியின் செல்லில் மட்டுமல்ல, பன்றியின் முதுகுத் தோலுக்கடியிலும் இதே ஆட்சிதான். இன்சுலின் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிச் செய்தி சொல்கிறது. கார்ட்டிசோல் உள்ளேயே நுழைந்துவிடுகிறது. சி/ஈபிபி புரதங்கள் விழித்து பிபிஏஆர்-காமாவை எழுப்ப, கொழுப்பமில சின்தேஸ் போன்ற நொதிகள் கொழுப்பை உருவாக்கும் வேலையில் இறங்குகின்றன. நம் உடலில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஈரல் பார்க்கிறது. பன்றிக்கோ, தின்ற மக்காச்சோளம் கொழுப்புத் திசுவிலேயே கொழுப்பாகிறது.

இப்படிப்பட்ட விலங்கின் குட்டி பிறக்கும்போது அதன் உடலில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான். ஈரம் காய்வதற்குள் நடுங்கத் தொடங்கும், மடியை முட்டும், ஒன்றின்மேல் ஒன்று குவிந்து படுக்கும். கொட்டிலில் வெப்பவிளக்கு இல்லாவிட்டால் குளிரில் சில செத்தே போகும்.

பல பாலூட்டிக் குட்டிகளுக்குப் பழுப்புக் கொழுப்பு உண்டு. அதிலுள்ள யுசிபி-1 புரதத்தால்தான் கொழுப்பு எரிந்து சூடாகிறது. பன்றிக்கு ஏன் இல்லை? 2006இல் ஸ்வீடனின் உப்சாலா நகர ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பன்றியின் மூதாதையரிடம் அந்த மரபணுவின் ஒரு பகுதி அறுந்து தொலைந்துவிட்டது.

தொலைந்ததைத் திருப்பிக் கொடுத்தால்?

பெய்ஜிங்கில் ஒரு குழு துணிந்தது. எலியின் யுசிபி-1 மரபணுவைப் பன்றியின் செல்லுக்குள் பொருத்தினார்கள். 12 ஆண் குட்டிகள் பிறந்தன. அவற்றைக் குளிரில் விட்டு, உடல்வெப்பத்தை அளந்தார்கள். 2017இல் வெளியான அந்த முடிவு என்ன?

(அடுத்த வாரம்)