இரங்கூனில் ஒரு குடித்தனம்: ஜட்சன் தம்பதியர், 1813–1826

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அடோனிராம் ஜட்சனும் ஆன் ஹசெல்டைனும் 1812 பிப்ரவரி 5 அன்று மணம் செய்துகொண்டு, இரண்டு வாரம் கழிந்ததும் சேலம் துறைமுகத்தில் கப்பலேறிக் கிறித்தவ மிஷனரிகளாகக் கீழை நாடுகளுக்குப் புறப்பட்டனர். கல்கத்தாவில் தங்குவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி இடமளிக்காததால் மொரீசியசுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூனில் சென்னையை வந்தடைந்த அவர்கள், இங்கும் கம்பெனியார் தங்களைப் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடக்கூடும் என்று அஞ்சி, அப்போது புறப்படத் தயாராக இருந்த ‘ஜார்ஜியானா’ என்னும் கப்பலில் ஏறி, ஜூலை 13 அன்று பர்மாவின் இரங்கூனில் இறங்கினர். அந்தக் கடல்வழியிலேயே ஆன் தம் முதற்குழந்தையை இழந்தார். அது இறந்தே பிறந்தது.

பர்மிய மொழியில் விவிலியத்தை முழுமையாக மொழிபெயர்த்தவர் என்றும் அகராதி தொகுத்தவர் என்றும் அடோனிராம் ஜட்சனை வரலாறு போற்றுகிறது. அவ்விரு பணிகளுக்கும் அடியில் சந்தை, சமையல், அண்டை அயலார், அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள் ஆகியோரைச் சார்ந்த ஓர் அன்றாட வாழ்க்கை இருந்தது என்பதும், போர் வந்தபோது கணவரின் உயிரைக் காத்தது அந்த வாழ்க்கையில் ஆன் ஈட்டிய பழக்கமே என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வீடும் மொழியும்

வங்காளத்தின் சீராம்பூரிலிருந்து முன்னர் வந்த மிஷனரிகள் நகர மதிலுக்கு வெளியே கட்டியிருந்த தேக்குமர வீட்டில், சீராம்பூர் மிஷனை நிறுவியவர்களுள் ஒருவரான வில்லியம் கேரியின் மூத்த மகன் பெலிக்ஸ் கேரியின் குடும்பத்தாருடன் அவர்கள் குடியேறினர். ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு என்று பழகிய உணவு எதுவும் அங்குக் கிடைக்கவில்லை. சோறும் கோழிக்குழம்பும், வெள்ளரிக்காய் சேர்த்து வேகவைத்த கோழியுமே தங்கள் அன்றாட உணவு என்று ஆன் தாயகத்துக்கு எழுதினார்.

இலக்கண நூலோ அகராதியோ கைக்கு எட்டாத நிலையில், ஆங்கிலம் அறியாத ஆசிரியர் ஒருவரிடம் இருவரும் பாடம் கேட்டனர். பெண்ணுக்குக் கற்பிப்பதா என்று முதலில் தயங்கிய அவ்வாசிரியர் பின்னர் இசைந்தார். பொருள்களைச் சுட்டிக்காட்டி அவற்றின் பெயரைக் கேட்டறிவதே தொடக்கப் பாடமாயிற்று. தமிழ் ஓலைச்சுவடிகளைப் போலவே பர்மிய ஏடுகளிலும் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருந்ததால், ஒரு சொல் எங்கு முடிந்து அடுத்தது எங்குத் தொடங்குகிறது என்று பிரித்தறிவதே பெரும் உழைப்பை வேண்டியது. ஜட்சன் நாள் முழுவதும் ஏடுகளுடன் அமர்ந்திருக்க, வீட்டுப் பொறுப்பை ஏற்ற ஆன் வேலையாட்களோடும் விற்பனையாளர்களோடும் ஓயாமல் பேச வேண்டியிருந்தது. இதன் விளைவாக, மொழியின் அமைப்பைக் கணவர் மிகுதியாக அறிந்திருந்தாலும், பேசுவதிலும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் தாமே முந்தியிருப்பதாக ஆன் குறிப்பிட்டார்.

ஆளுநர் இல்லத்து உறவு

பர்மிய மன்னரின் பெயரால் இரங்கூன் பகுதியை ஆண்டுவந்த ஆளுநரின் மனைவியை ஆன் 1813 டிசம்பரில் முதன்முறையாகச் சந்தித்தார். இடர் நேரும்போது ஆளுநரை அணுகுவதற்கு வழி வேண்டும் என்னும் முன்யோசனையும் அச்சந்திப்புக்குக் காரணமாக இருந்தது. 1815 ஜனவரியில் மருத்துவத்திற்காக ஆன் தனியே சென்னைக்குப் புறப்பட்டபோது, பர்மியப் பெண்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் சட்டம் இருந்தும், ஒரு பர்மியப் பெண்ணைத் துணையாக அழைத்துச் செல்ல ஆளுநர் இசைவளித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பிறந்த மகன் ரோஜர் எட்டு மாதத்தில் இறந்தபோது, ஆளுநரின் மனைவி பெரும் பரிவாரத்துடன் துக்கம் விசாரிக்க வந்ததோடு, பின்னர் இருவரையும் யானை மீதேற்றி ஊர்ப்புறத்துக்கு அழைத்துச் சென்றார்.

1817 டிசம்பரில் சிட்டகாங்குக்குப் புறப்பட்ட ஜட்சனின் கப்பல் காற்றினால் திசைமாறியது. மசூலிப்பட்டணத்தில் கரையேறிய அவர் தரைவழியாகச் சென்னைக்கு வந்து, இரங்கூன் செல்லும் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். அதற்குள் இரங்கூனில் வாந்திபேதி பரவி, ஆங்கிலேயருடன் போர் மூளும் என்னும் வதந்தியால் அயல்நாட்டுக் கப்பல்கள் ஒவ்வொன்றாக விலகின. சக மிஷனரிகளின் வற்புறுத்தலால் ஆனும் கப்பலேறினார். எனினும் மனம் மாறி இறங்கி வீடு திரும்பினார். 1818 ஆகஸ்டில் கணவர் வந்துசேர்ந்தார்.

மறு ஆண்டு ஏப்ரலில், ஷ்வேடகோன் பகோடாவுக்குச் செல்லும் சாலையோரம் அவர்கள் ஒரு ‘சயாத்’ அமைத்தனர். சயாத் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறவும் சமய உரை கேட்கவும் பயன்படும் சாவடி ஆகும். சாலையை நோக்கித் திறந்திருந்த அதன் முன்பகுதியில் ஜட்சன் நாள்தோறும் அமர்ந்து வருவோருடன் உரையாடினார். பெண்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு ஆனுடையதாக இருந்தது. மாவுங் நாவ் என்பவர் 1819 ஜூன் 27 அன்று முதல் பர்மியராகத் திருமுழுக்குப் பெற்றார். அவர்கள் இரங்கூனில் இறங்கி அப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

அவாவில் சிறை

1824இல் முதல் ஆங்கில–பர்மியப் போர் தொடங்கியபோது இருவரும் இரங்கூனிலிருந்து இடம்பெயர்ந்து தலைநகர் அவாவில் வசித்தனர். ஆங்கிலம் பேசும் வெள்ளையர் அனைவரும் ஒற்றர்களாகக் கருதப்பட்டதால், ஜூன் 8 அன்று ஜட்சன் விலங்கிடப்பட்டுக் கொடுஞ்சிறையில் அடைக்கப்பட்டார். கைதிகளுக்கு அரசு உணவளிக்கவில்லை. வீட்டிலிருந்து வரும் உணவே உயிரைத் தாங்கியது. ஆன் சமைத்தும் சமைப்பித்தும் உணவனுப்பினார். சிறைக்காவலருக்குக் கையூட்டு கொடுத்தார். நகர ஆளுநரின் இல்லத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சென்று, அமெரிக்காவின் பழக்கவழக்கங்களைப் பற்றி மணிக்கணக்கில் உரையாடி, அம்முதியவரின் நட்பைப் பெற்றார். கைதிகளை இரகசியமாகக் கொன்றுவிடுமாறு மேலிடத்திலிருந்து வந்த ஆணையை அவர் நிறைவேற்றாமல் விட்டதற்கு இந்த நட்பும் ஒரு காரணம். முதலில் மண்ணில் புதைத்து வைத்திருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படியை, ஈரத்தில் கெட்டுவிடும் என்பதால், ஆன் ஒரு கரடுமுரடான தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் சேர்ப்பித்தார்.

1825 ஜனவரியில் மகள் மரியா பிறந்தாள். மே மாதம் கைதிகள் அவுங்பின்லே என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டபோது, கைக்குழந்தையுடன் படகிலும் வண்டியிலும் ஆன் பின்தொடர்ந்தார். அங்கு நோயுற்று அவருக்குத் தாய்ப்பால் வற்றிவிட, ஜட்சன் காவலரின் இசைவு பெற்றுக் கால் விலங்குடன் குழந்தையை ஏந்திச் சென்று, ஊரிலிருந்த தாய்மார்களிடம் பால் வேண்டினார்.

1826 பிப்ரவரியில் கையெழுத்தான யாண்டபோ உடன்படிக்கை போரை முடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று ஆம்ஹர்ஸ்ட் நகரில் ஆன் காலமானார். அடுத்த ஏப்ரலில் மரியாவும் இறந்தாள். ஜட்சன் 1834இல் விவிலிய மொழிபெயர்ப்பை முடித்தார்.

1824இல் கணவர் கைதானதும், அதிகாரிகள் வீட்டைச் சோதனையிட வரக்கூடும் என்று உணர்ந்த ஆன், பர்மாவில் கால்வைத்த நாள் முதல் எழுதிவந்த நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தாமே அழித்துவிட்டார். ஜட்சன் தம்பதியர் இங்கிலாந்துக்குத் தகவல் அனுப்பினர் என்னும் ஐயத்திற்கு அவை சான்றாகிவிடக்கூடும் என்பதே காரணம். ஆகவே இன்று அந்தக் குடித்தனத்தைப் பற்றித் தெரிவன பெரிதும் தாயகத்தாருக்கு ஆன் அனுப்பிய கடிதங்களிலும், உடல்நலம் தேறத் தாயகம் சென்றிருந்த காலத்தில் 1823இல் அவர் வெளியிட்ட நூலிலும் எஞ்சியவையே. மொழிபெயர்ப்பாளரின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் வீட்டை நடத்தியவரின் எழுத்தையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.