மாரத்தான் வழியில் வானொலித் தொண்டர்கள்



பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பள்ளியின் குறுக்கோட்டப் போட்டி செம்பனைத் தோட்டத்தின் வழியாக நடைபெற்றது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் திரும்பி வரவில்லை. ஆசிரியர்கள் அனைவரிடமும் கைத்தொலைபேசி இருந்தது. தோட்டத்தின் உட்பகுதியில் தொடர்பு கிடைக்கவில்லை. நாற்பது நிமிடங்கள் தேடினோம். கால் சுளுக்கிய அவள், மூன்றாம் முனையில் நின்ற ஆசிரியையின் பக்கத்திலேயே அமர்ந்திருந்தாள்! அந்த ஆசிரியைக்குச் செய்தி தெரியும். எங்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை. அம்மாணவியின் தாயார் அன்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் நிற்கிறது.

பாஸ்டன் மாரத்தானைப் பற்றிப் படித்தபோது அந்த நாள்தான் மனத்தில் தோன்றியது.

1897இல் தொடங்கிய அப்போட்டி, இக்காலத்தில் ஹாப்கிண்டனில் புறப்பட்டு, பல ஊர்களைக் கடந்து, பாஸ்டன் நகரில் 42.195 கிலோமீட்டரில் முடிகிறது. வழிநெடுக உள்ள முதலுதவி நிலையங்களில் 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் கையடக்கக் கருவியுடன் நிற்பார்கள். தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள். இப்பணிக்கு ஊதியம் பெறச் சட்டம் இடந்தராது.

இவர்களுடைய முன்னோடிகளின் கதை சுவையானது. 1912இல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கித் தள்ளியது. அவை தொலைதூரத்திற்குப் பயன்படா என்று அன்றைய வல்லுநர்கள் கருதினர். அமெச்சூர்களோ 1923இல் ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பிரான்சு நாட்டுடன் உரையாடிவிட்டனர்!

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டனில் 200க்கும் மேற்பட்ட வானொலித் தொண்டர்கள் பணியில் இருந்தனர். பிற்பகல் 2.49க்கு இறுதிக்கோட்டருகே இரு குண்டுகள் வெடித்தன. மூவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஓட்டம் நிறுத்தப்பட்டபோது 5,000க்கும் மேற்பட்டோர் இன்னும் வழியிலேயே இருந்தனர். பலரிடம் தொலைபேசி இல்லை. வியர்வை உலர, குளிரில் நடுங்கினர். கைத்தொலைபேசிகளோ முடங்கின. அரசே துண்டித்துவிட்டது என்று வதந்தி பரவியது. உண்மையில் நெரிசல்தான் காரணம். ஒரு கோபுரம் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அழைப்புகளையே தாங்கும். அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தனர்.

வானொலியின் முறை வேறு. ஒருவர் பேசினால் அதே அலைவரிசையில் உள்ள அனைவரும் கேட்கலாம். ஆனால் இருவர் ஒருங்கே பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகவே, கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒருவர் அமர்ந்து, யார் எப்போது பேசலாம் என்று முறை வழங்குவார். மற்றவர் காத்திருக்க வேண்டும். நம் வகுப்பறையில் கையுயர்த்திப் பேசும் பழக்கமே இது. (அதை நடைமுறைப்படுத்துவது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.) பலர் கேட்கும் அலைவரிசை என்பதால் ஓட்டக்காரரின் பெயரைச் சொல்லாமல் மார்பில் உள்ள எண்ணைச் சொல்வது வழக்கம். அன்றும் இந்த ஒழுங்கினால்தான் வழியில் தேங்கியவர்களைப் பற்றிய செய்திகள் நிலையத்திற்கு நிலையம் சென்றன.

மறு ஆண்டு எங்கள் குறுக்கோட்டத்திற்குப் பெற்றோர் ஒருவர் ஆறு வாக்கி டாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இறுதிக்கோட்டருகே குறிப்பேட்டுடன் நான் அமர்ந்தேன். முதலில் வந்த செய்தி: "மூன்றாம் முனை. எண் 47, காலணி அறுந்துவிட்டது. வெறுங்காலோடு வருகிறான்."