மார்க்கும் மார்க்கும் ஒன்றா? ஜேர்மானியப் பணவீக்கமும் ஐந்தொகையின் வரலாறும்

கணக்கியல் என்பது வகுப்புச் சார்பற்றதொரு தொழினுட்பம் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. எண்கள் பொய் சொல்வதில்லை என்பது இக்கருத்தின் அடிப்படை. ஆயின், அவ்வெண்களை அளக்கும் நாணயமே நாள்தோறும் சுருங்கிக்கொண்டு போகுமிடத்து, ஒவ்வோர் எண்ணும் சரியாக இருக்க, கணக்கு முழுவதும் பொய்யாகிவிடலாம். 1914 முதல் 1925 வரையான ஜேர்மனியின் அனுபவம் இவ்வுண்மையை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது. முதலீடுகளைக் கணக்கில் எவ்வாறு காட்டுவது, நிதிக்கூற்றுக்களைத் திருத்தி எவ்வாறு மீள எழுதுவது என்னும் வினாக்கள் இன்றைய வடிவைப் பெறுவதற்கு அவ்வனுபவம் பெரிதும் காரணமாயிற்று. அதனை இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

முதலில் வரலாற்றுப் பின்னணி. 1914 ஆகஸ்ட் 4ஆந் திகதி நிறைவேறிய சட்டங்கள் தாள் நாணயத்தைப் பொன்னாக மாற்றும் கடப்பாட்டினின்றும் றைக்ஸ்பாங்க் எனப்பட்ட மத்திய வங்கியை விடுவித்தன. போர்ச்செலவு வரியினாலன்றிப் பெரும்பாலும் கடனாலேயே ஈடுசெய்யப்பட்டது. போருக்கு முன்னர் 4.20 மார்க்காக இருந்த அமெரிக்க டொலரின் விலை 1922 ஜனவரியில் ஏறத்தாழ 190 மார்க்காயிற்று. 1923 ஜனவரியில் றூர் பிரதேசத்தைப் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் கைப்பற்றியபின் வீழ்ச்சி கட்டுமீறியது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு டொலரின் விலை 4,20,000 கோடி மார்க். நவம்பர் 15ஆந் திகதி வெளிவந்த றென்ரன்மார்க் என்னும் புதிய நாணயம் ஒன்றுக்குப் பழைய மார்க் 1,00,000 கோடி ஈடாகக் கொள்ளப்பட்டது.

இவ்வாண்டுகள் முழுவதும் சட்டமும் கணக்கும் ஒரே கோட்பாட்டைப் பற்றிநின்றன. மார்க் எப்பொழுதும் மார்க்கே என்பது அக்கோட்பாடு. 1914இற் பெற்ற கடன் 1,000 மார்க்காயின், 1923இலும் 1,000 மார்க் தாளைக் கொடுத்துக் கடனாளி விடுபடலாம். கம்பனிகளின் ஐந்தொகையும் இவ்வாறே அமைந்தது. 1884ஆம் ஆண்டின் பங்குக் கம்பனிச் சட்டத் திருத்தம், சொத்துக்களை அவற்றின் கிரயத்துக்கு மேலாக மதிப்பிடுவதைத் தடைசெய்திருந்தது. எழுபதுகளில் ஊக வாணிகர் செயற்கையாக உயர்த்திய மதிப்புக்களால் ஏமாந்த பங்காளரைக் காக்க எழுந்த நல்விதி அது. பணம் நிலைத்திருக்கும்வரை அது காப்பாக இருந்தது. பணம் கரையத் தொடங்கியதும் அதுவே உண்மையை மறைக்கும் திரையாயிற்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1914இல் ஒரு நிறுவனம் 50,000 மார்க்கை அரசாங்கப் பிணையங்களிலும், மற்றுமொரு 50,000 மார்க்கை ஓர் உருக்குத் தொழிற்சாலையின் பங்குகளிலும் முதலிட்டது எனக் கொள்வோம். அன்று இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11,900 டொலர் பெறுமதியுடையன. 1923 நவம்பரிலும் ஏட்டில் இரண்டும் 50,000 மார்க் என்றே நிற்கும். ஆனால் முதலாவது, குறித்த தொகைத் தாள்ப்பணத்தைப் பெறும் உரிமை மாத்திரமே. அதன் பெறுமதி இப்போது ஒரு டொலர்ச் சதத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே. இரண்டாவதோ உலைகளிலும் நிலத்திலும் இயந்திரங்களிலும் ஒரு பங்கு. பங்குச்சந்தையில் அதன் விலை எவ்வளவு தளம்பினும், அதன் பின்னால் ஒரு பொருள் நின்றது. ஒன்றுமில்லாததும் ஒரு தொழிற்சாலையின் பங்கும் ஒரே எண்ணாற் குறிக்கப்பட்டமையே அக்கால ஐந்தொகையின் அடிப்படைக் குறைபாடு.

இலாப நட்டக் கணக்கின் நிலையும் இதுவே. 1914இல் 10,000 மார்க்குக்கு வாங்கி, பத்தாண்டு ஆயுள் மதிக்கப்பட்ட இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 1,000 மார்க் பெறுமானத் தேய்வு ஒதுக்கப்பட்டது. 1914இல் அத்தொகை ஏறத்தாழ 238 டொலர். 1922 ஜனவரியில் 5 டொலர் அளவே. தேய்ந்த இயந்திரத்தை மீள வாங்குவதற்கு அவ்வொதுக்கம் போதாது. ஆகவே கணக்கிற் காணப்பட்ட இலாபத்தின் பெரும்பகுதி போலி இலாபம். அதனைப் பங்கிலாபமாகக் கொடுத்தவர்கள் தம் மூலதனத்தையே பங்கிட்டுக் கொடுத்தனர்.

கல்வியுலகம் இதனைக் கவனியாது விடவில்லை. 1921இல் வால்ற்றர் மால்பேர்க், தளம்பும் நாணயத்தில் ஐந்தொகையை மதிப்பிடும் முறை பற்றி நூலெழுதினார். அதே ஆண்டிற் பிராங்போர்ட்டைச் சேர்ந்த பிறிற்ஸ் ஷ்மிற், ஒவ்வொரு சொத்தையும் அதனை மீள வாங்குவதற்கான விலையிற் காட்டவேண்டும் என வாதிட்டார். கொலோன் பேராசிரியர் ஒய்கன் ஷ்மாலன்பாக் 1922இற் பொன்மார்க் ஐந்தொகையை விளக்கினார். தனித்தனிப் பொருள்களின் விலையைத் தொடர்வதா, அன்றிப் பொது அளவுகோல் ஒன்றால் எல்லாவற்றையும் மாற்றுவதா என்னும் இவ்விவாதம் இன்றுவரை ஓயவில்லை. இந்நூல்களைக் கற்ற அமெரிக்கரான ஹென்றி சுவீனி, 1936இல் வெளியிட்ட நூலில் பொது விலைச்சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்ட முறையை வகுத்தார்.

இனி, இதன் சமூக உள்ளடக்கத்தை நோக்குதல் வேண்டும். றைக்ஸ்பாங்க் 1922 ஜூலை வரை 5 வீத வட்டிக்கே உண்டியல்களைக் கழிவுசெய்து கொடுத்தது. அத்தகைய கடனைப் பெறும் வாய்ப்புடையோர் நிலக்கரிச் சுரங்கங்களையும் ஆலைகளையும் வாங்கி, பின்னர்ப் பெறுமதியற்ற தாளாற் கடனைத் தீர்த்தனர். ஹூகோ ஸ்டின்னஸின் பெருந்தொழிற் கூட்டு இவ்வழியில் விரிவடைந்தமை நன்கறியப்பட்டது. கூலியாளரின் வரி 1920 முதல் கூலியிலிருந்தே உடனுக்குடன் கழிக்கப்பட்டது. இலாபத்தின் மீதான வரியோ காலந்தாழ்த்தி, தேய்ந்த பணத்திற் செலுத்தப்பட்டது. யாவற்றினும் கொடியது அநாதைச் சிறுவரின் நிலை. அவர்தம் பணத்தை முதலீட்டுக் கட்டுப்பாடுகளின்றிக் கையாள முடியாதவாறு பாதுகாவலரைச் சட்டம் பிணைத்திருந்தது. அரசாங்கப் பிணையங்கள், உறுதியான ஈட்டுக்கடன்கள் போன்ற, சட்டம் பாதுகாப்பானவை என வகுத்த முதலீடுகளையே அவர்கள் நாடவேண்டும். சட்டம் எதனைப் பாதுகாப்பானது என்றதோ அதுவே முற்றாக அழிந்தது.

நாணயம் நிலைபெற்றபின், 1923 டிசம்பர் 28ஆந் திகதிய கட்டளை கம்பனிகளை 1924இன் தொடக்கத்திற் பொன்மார்க்கில் ஆரம்ப ஐந்தொகை தயாரிக்கப் பணித்தது. சொத்துக்கள் புதிதாக மதிப்பிடப்பட்டன. பங்கு மூலதனம் அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. நிதிக்கூற்றுக்களை மீள எழுதிய மாபெரும் முயற்சி இதுவாகும். ஆயினும் அதன் எல்லையைச் சுட்டாதிருக்க முடியாது. அது புதுக்கணக்கு ஒன்றைத் திறந்ததேயன்றிப் பழைய கணக்கை விசாரிக்கவில்லை. எவருடைய கடன் கரைந்ததால் எவருடைய ஆலை கடனற்றதாயிற்று என்பது அதன் எந்த நிரலிலும் தோன்றவில்லை.

அவ்வினா நீதிமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்குமே சென்றது. 1923 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், ஈட்டுக்கடனைத் தாள்மார்க்கிற் தீர்ப்பது நல்லெண்ணக் கோட்பாட்டுக்கு மாறானது எனத் தீர்த்தது. 1925 ஜூலை 16ஆந் திகதிச் சட்டங்களின்படி ஈட்டுக்கடன்கள் பொன் மதிப்பின் 25 வீதத்துக்கும், கைத்தொழில் தொகுதிக்கடன்கள் 15 வீதத்துக்கும் மீள மதிக்கப்பட்டன. அரசாங்கப் பிணையங்களுக்குக் கிடைத்தது 2.5 வீதமே, நெடுங்காலம் வைத்திருந்தோர் 12.5 வீதம் வரை பெற்றனர். ஏமாற்றமுற்ற சேமிப்பாளர் 1926இல் தனிக்கட்சியொன்றையே அமைத்தனர்.

1989இல் வெளியான சர்வதேசக் கணக்கியல் நியமம் 29, சுவீனி காட்டிய வழியையே பெரிதும் பின்பற்றுகின்றது. விலைச்சுட்டெண் 100இலிருந்து 400 ஆயின், 1,000 என்னும் கிரயத்திற் காட்டப்பட்ட பங்கு 4,000 ஆக மாற்றப்படும். ஆண்டிறுதிச் சந்தை விலையிற் காட்டப்பட்ட பங்கு மாற்றமின்றி நிற்கும். 1,000 மதிப்புள்ள சாதாரண கடன்பிணையம் 1,000 ஆகவே இருக்கும். ஆனால் 3,000 வாங்கும் ஆற்றல் இழக்கப்பட்டமை நட்டமாக எழுதப்படும். அதே தொகை கடன்பட்டவரின் ஏட்டில் இலாபமாகத் தோன்றும். ஆர்ஜென்ரீனாவில் 2018 முதலும் துருக்கியில் 2022 முதலும் இந்நியமம் நடைமுறைக்கு வந்தது.

1924இன் பொன் ஐந்தொகை மறைத்துவிட்ட இடமாற்றத்தை இந்த ஒற்றை வரி வெளிப்படுத்துகின்றது. இதுவே முன்னேற்றம். ஆயின், அவ்வரி கம்பனிகளின் ஏட்டிலேயே எழுதப்படுகின்றது. கூலியாளனுக்கும் ஓய்வூதியருக்கும் நிதிக்கூற்று இல்லை. அவர்தம் இழப்பு எந்த ஐந்தொகையிலும் பதியப்படுவதில்லை. அதனைப் பதிவுசெய்யும் பொறுப்பு வரலாற்றாசிரியனைச் சார்ந்தது.