ஸ்பெஷல் நாடக பபூன்களின் தோழமை: திண்டுக்கல் - மதுரை வட்டாரம்

ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் மேடையேறுபவர் பபூன். ஊர்த் திருவிழாவில் சாமி கும்பிட்டு, சாப்பாட்டை முடித்து, பாய் விரித்து மக்கள் உட்காரும்போது இரவு மணி பத்தைத் தாண்டியிருக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலித்து ஓய்ந்ததும் அவர் தனியாக வருவார். பாடுவார், ஆடுவார், பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்திடம் நேரடியாகப் பேசத் தொடங்குவார். கதை இன்னும் தொடங்கவில்லை. வள்ளியும் வரவில்லை, வேலனும் வரவில்லை. பேச்சு ஒன்றை மட்டும் நம்பி ஒருவர் ஊரையே சிரிக்க வைக்க வேண்டும். சென்னையின் குளிரூட்டிய அரங்குகளில் ஸ்டாண்ட்-அப் காமெடி என்ற பெயரில் இன்று நடப்பதன் அடிப்படைக் கூறுகள் பலவும் திண்டுக்கல், மதுரை வட்டாரக் கிராமங்களில் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றன.

இந்தக் கலைஞர்களுக்கு இடையிலான நட்பு தனித்தன்மை கொண்டது. ஒரு நாடகத்துக்குப் பெரும்பாலும் ஒரே பபூன்தான் தேவை. ஆகவே இரண்டு பபூன்கள் ஒரே மேடையில் நிற்கும் வாய்ப்பு அரிது. திருவிழாக் காலத்தில் ஒருவர் சின்னாளபட்டிப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும் இரவில் இன்னொருவர் மேலூர்ப் பக்கம் ஆடிக்கொண்டிருப்பார். ஒருவர் நிகழ்ச்சியை மற்றவர் உட்கார்ந்து பார்ப்பதற்கும் அநேகமாக வழியில்லை. இருந்தும் ஒருவருடைய நகைச்சுவை மற்றவருக்கு மனப்பாடம்.

தோற்றம்

தமிழ் மேடை நாடகத்தின் இன்றைய கிராம வடிவம் சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்து (1867-1922) தொடங்குகிறது. அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நிறுவினார். அக்காலத்தின் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, ஒத்திகை பார்த்து நடித்தார்கள். பேசும் படம் வந்த பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கலையாமல் நின்றது கம்பெனி இல்லாத நாடகம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகக் கூலி முடித்து, அந்த ஓர் இரவுக்காகச் சேர்க்கும் முறை இது. ‘ஸ்பெஷல்’ என்ற பெயர் அதனால் வந்தது. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஸ்பெஷல் நாடக மேடையில் புகழ்பெற்றவர்கள்.

ஒத்திகை என்பதே இதில் கிடையாது. அன்று மாலை வரை ஒருவரையொருவர் சந்திக்காதவர்கள்கூட இரவில் மேடையேறி விடிய விடிய வள்ளி திருமணத்தை நடத்தி முடிப்பார்கள். கதைப்பகுதிக்குச் சுவாமிகளின் பாடல்கள் கைகொடுக்கும். நகைச்சுவைப் பகுதிக்கு எழுதப்பட்ட பிரதி எதுவும் இல்லை. அதைத் தாங்கி நிற்பது கலைஞர்களுக்குள் பொதுவாக இருக்கும் சரக்கு.

பொதுச் சரக்கு

ஆங்கில ஸ்டாண்ட-அப் உலகத்தில் இன்று ஒரு ஜோக் அதைச் சொன்னவரின் சொத்து. 2008இல் டோட்டன் ஓலியார், கிறிஸ்டோபர் ஸ்பிரிக்மன் என்ற இரு அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நகைச்சுவைக் கலைஞர்கள் காப்புரிமைச் சட்டத்தை அதிகம் நம்புவதில்லை. திருடியவரோடு மேடையைப் பகிர மறுப்பது, அவர் பெயரைக் கெடுப்பது என்று தங்களுக்குள்ளேயே தண்டித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அங்கேயே முந்தைய வாடவில் காலத்தில் ஜோக்குகள் பெரிதும் பொதுச் சொத்தாகவே புழங்கின என்பதையும் அவர்கள் காட்டுகிறார்கள்.

ஸ்பெஷல் நாடகம் அந்தப் பழைய ஏற்பாட்டிலேயே இயங்குகிறது. பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் மேடையில் தற்செயலாக மோதிக்கொள்வது, ‘நீ யார், நான் யார்’ என்று சண்டை பிடிப்பது, போட்டிப் பாட்டு, முறை சொல்லிக் கேலி செய்வது, கடைசியில் காதல் என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்தது. எந்தப் பபூனோடு எந்த டான்ஸ் கலைஞர் சேர்ந்தாலும் அது ஓடும். ஓடியாக வேண்டும், ஏனென்றால் யாரோடு சேரப்போகிறோம் என்பது நோட்டீஸ் அச்சாகும்போதுதான் சிலருக்குத் தெரியவரும். ஒருவர் தன் ஜோக்கைப் பூட்டி வைத்துக்கொண்டால் இந்த முறையே நின்றுபோகும்.

ஆகவே இங்கே சண்டை ஜோக்குக்காக வருவதில்லை, தேதிக்காக வருகிறது. பங்குனியில் சூடுபிடித்து ஆடி வரை போகும் திருவிழாக் காலத்தில் ஒரு கலைஞருக்கு எத்தனை தேதி விழுகிறது என்பதில்தான் அந்த ஆண்டு முழுவதற்குமான வருமானம் அடங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் மேடை இருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்த பிறகு இந்தத் தேதிகளுக்குக் காவல்துறை அனுமதி என்ற இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலையில் முடியும் ஒரு கலைக்கு அந்த விதி எவ்வளவு நெருக்கடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கம்

தேதிச் சண்டையை ஒழுங்குபடுத்த உருவானவை நாடக நடிகர் சங்கங்கள். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி போன்ற ஊர்களில் இவை இயங்குகின்றன. நாடகம் வைக்க விரும்பும் ஊர்க்காரர்களும் ஏஜெண்டுகளும் தேடி வரும் இடம் இது. முன்பணம் வாங்கிய கலைஞர் வராமல் போனால் பஞ்சாயத்து நடக்கும் இடமும் இதுதான். பகலில் கலைஞர்கள் இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரே வேடத்துக்குப் போட்டியிடுபவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டீயைப் பகிர்ந்து, முந்தின இரவு எந்த ஊரில் எது எடுபட்டது, எது விழுந்தது என்று பேசுவார்கள். மேடையில் பார்க்க முடியாத ஒருவரின் நகைச்சுவை இன்னொருவரைச் சென்றடைவது பெரும்பாலும் இப்படித்தான். ஊர்க்காரர்களுக்குப் புரியாதபடி தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு குழூஉக்குறி மொழியும் இவர்களுக்கு உண்டு.

அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களை ஆராய்ந்தார். அவரது நூல் 2005இல் வெளிவந்தது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் வெவ்வேறு சாதியிலும் மதத்திலும் பிறந்தவர்கள். ஊர் அவர்களைக் ‘கூத்தாடி’ என்று ஒதுக்குகிறது. அவர்களோ ஒருவரையொருவர் முறை வைத்து அழைத்து ஒரு உறவுக்கூட்டத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். இதை அந்நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. மூத்தவர் அண்ணன், இளையவர் தம்பி. மேடையில் இரண்டு மணி நேரம் ‘மாமா’ என்று கொஞ்சிய டான்ஸ் கலைஞர், இறங்கியதும் அதே பபூனை ‘அண்ணே’ என்கிறார். இந்த ஒரு சொல்லில் அவருடைய மானம் நிற்கிறது. ஆண் துணையோடு இரவில் ஊர் ஊராகப் போகும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். மேடைக் காதலையும் வாழ்க்கையையும் பிரித்து வைக்கும் வேலி அந்த முறைப்பெயர்தான். பபூன் அந்த வேலியை மதிப்பவராக இருந்தால் மட்டுமே மேடையில் அவ்வளவு தூரம் துணிந்து கேலி செய்ய முடியும்.

இசைக்கலைஞர்களின் பங்கும் இதே தன்மையது. பபூனின் தனிப்பேச்சு முழுக்கத் தனிப்பேச்சு அன்று. கூட்டத்தில் பெண்களும் பெரியவர்களும் குழந்தைகளும் இருப்பார்கள். பச்சையான ஒன்றைச் சொல்லும்போது பபூன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஆர்மோனியக்காரரிடமோ மிருதங்கக்காரரிடமோ சொல்வார். ‘நான் இவரிடம் பேசுகிறேன், நீங்கள் ஒட்டுக்கேட்கிறீர்கள்’ என்ற பாவனை அது. சொன்ன பழி அவருக்கு இல்லை, கேட்ட பழி கூட்டத்துக்கும் இல்லை. ஆர்மோனியக்காரர் ‘அப்புறம்?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்காவிட்டால் ஜோக் செத்துவிடும். அதை முன்கூட்டிச் சொல்லி வைக்க முடியாது, பழக்கத்தில்தான் வரும்.

காந்திகிராமம் 1947இல் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிர்மாணத் திட்டக் கல்விக் களம். கிராமத்தை ஒழுக்கத்தாலும் உழைப்பாலும் மறுபடி எழுப்ப நினைத்த கனவு அது. அதைச் சுற்றியுள்ள சமவெளியின் கிராமத் திருவிழாக்களில் நள்ளிரவில் எழுந்த சிரிப்பு வேறு வகையானது. ஆனால் சாதி கடந்து ஒரு கூட்டம் சேர்ந்து பிழைக்க முடியுமா என்ற கேள்வியை இரண்டும் தங்கள் தங்கள் வழியில் கேட்டன.

கலைவாணர் குழு

இதே மதுரை நாடகப் பரம்பரையின் இன்னொரு கிளையில் நட்பு வேறு உருவெடுத்தது. சுவாமிகளிடம் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அதில் சேர்ந்த நாகர்கோவில் ஒழுகினசேரி இளைஞர் என். எஸ். கிருஷ்ணன் (1908-1957). சினிமாவுக்கு வந்த பிறகு அவர் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக அமைத்து, தன் குழுவினரோடு படத்துக்குப் படம் கொண்டுபோனார். ஸ்பெஷல் நாடகத்தின் பபூன் காட்சி கதைக்கு வெளியே நிற்பதைப் போலவே இதுவும் நின்றது. வேறுபாடு, இங்கே பபூனுக்கு நிரந்தரமான கூட்டம் இருந்தது.

அந்தக் கூட்டத்துக்குச் சோதனை 1944 இறுதியில் வந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணனும் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வெளியே இருந்த டி. ஏ. மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் என். எஸ். கே. நாடக சபாவை நடத்திக் குழுவைக் கலையாமல் வைத்திருந்தார்கள். சபாவின் ‘பைத்தியக்காரன்’ நாடகம் வழக்குச் செலவுக்காகக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, ஏப்ரல் 1947இல் இருவரும் விடுதலையானார்கள். அதன்பின் கிருஷ்ணன் நடித்த காட்சிகளும் அப்படத்தில் சேர்க்கப்பட்டன. தலைவர் சிறையில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் ஒரு நகைச்சுவைக் குழு சிதறாமல் இருந்தது தமிழ் மேடை வரலாற்றில் சிறிய செய்தி அன்று. சம்பளத்தால் மட்டும் கட்டிய குழுவாக இருந்தால் அது நிகழ்ந்திருக்காது.

தொலைக்காட்சிக் காலம்

2005இல் விஜய் தொலைக்காட்சியில் ‘கலக்கப் போவது யாரு’ தொடங்கியது. சன் தொலைக்காட்சியில் ‘அசத்தப் போவது யாரு’ வந்தது. மதுரை முத்து, ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி என மதுரைக் கலைஞர்கள் பலர் இவற்றால் வீடுதோறும் அறிமுகமானார்கள். கோவில் திருவிழாக்களிலும் ஊர்க் கச்சேரிகளிலும் மிமிக்ரியும் பலகுரலும் செய்த தலைமுறை இது. பபூன் தொழிலின் நேரடி வாரிசுகள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. ஆனால் சிரிக்க வைத்தது அதே கூட்டத்தை.

தொலைக்காட்சி விதிகளைத் தலைகீழாக்கியது. கிராமத்தில் ஒரு ஜோக்கை நூறு ஊரில் நூறு இரவு சொல்லலாம். தொலைக்காட்சியில் ஒருமுறை சொன்னால் தமிழகமே கேட்டுவிடும், மறுமுறை செல்லாது. மேலும் அது போட்டி. ஒருவர் ஜெயிக்க மற்றவர் வெளியேற வேண்டும். பொதுச் சரக்கு என்ற பழைய ஏற்பாட்டுக்கு இங்கே இடமில்லை. ஆனால் ‘அது இது எது’ நிகழ்ச்சியின் ‘சிரிச்சா போச்சு’ சுற்று போன்றவற்றில் கலைஞர்கள் மறுபடி கூட்டமாகவே இயங்கினார்கள். ஒருவர் வேடம் போட்டு வர, இன்னொருவர் எடுத்துக் கொடுக்க, மூன்றாமவர் குழப்ப, எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்ளத் திணறுவார். தனிப்பேச்சுக் கலைஞர்கள் ஒரே மேடையில் சேர்ந்து நின்றது, பபூன்களுக்குக் கிடைக்காத ஒன்று.

மார்ச் 2020இல் பொதுமுடக்கம் வந்தபோது பங்குனி பாதிகூட முடியவில்லை. திருவிழாக்கள் நின்றன. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் எழுதி வைத்த தேதிகள் எல்லாம் ஒரே வாரத்தில் அழிந்தன. அடுத்த ஆண்டு சித்திரையிலும் திருவிழாக்களுக்குத் தடை. பல மாவட்டங்களில் நாட்டுப்புறக் கலைஞர்கள் வேடமிட்டுக்கொண்டே ஆட்சியர் அலுவலகங்களுக்குச் சென்று மனுக் கொடுத்தார்கள். மேடைக் கச்சேரிகளை நம்பியிருந்த தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கும் அதே நிலைதான். முகம் தெரிந்திருந்தது, வருமானம் இல்லை.

வடிவேல் பாலாஜி செப்டம்பர் 10, 2020 அன்று சென்னையில் காலமானார். அவரோடு அதே நிகழ்ச்சிகளில் இருந்தவர்கள் திரண்டு வந்தார்கள். ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் வென்று பின்னர் ‘அது இது எது’வைத் தொகுத்து, திரைப்பட நாயகனான சிவகார்த்திகேயன், பாலாஜியின் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக அறிவித்தார். ரோபோ சங்கர் செப்டம்பர் 18, 2025 அன்று மறைந்தபோதும் பழைய கூட்டம் மறுபடி ஒன்று சேர்ந்தது.

குருபூஜை

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் ஒன்றுகூடும் முக்கியமான நாள் மதுரையில் நடக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் குருபூஜை. அன்று வெளியூர்க் கலைஞர்களும் வந்து சேர்வார்கள். சுவாமிகள் படத்தோடு ஊர்வலம், பிறகு பாட்டு, பேச்சு. அங்கே கூடும் கூட்டத்தில் கூலி கொடுத்து அழைத்த ஊர் இல்லை, கேட்பவர்கள் சக கலைஞர்கள். ஆண்டு முழுக்க வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாக நின்றவர்கள், சங்கப் பெஞ்சில் வாய்வழியாக மட்டுமே அறிந்த ஒருவருடைய பாட்டையும் குரலையும் நேரில் கேட்க வாய்ப்புள்ள நாள் அது.