விலாங்கும் கோழியும்

ஜப்பானிய உணவகத்தில் அமர்வோர்க்கு ஒரே மேசையில் இரு பண்டங்கள் வருவதுண்டு. ஒன்று, கரி நெருப்பில் வாட்டி, சோயாச் சாறும் இனிப்பு மதுவும் கலந்த குழம்பைப் பூசிச் சோற்றின்மேல் இட்ட விலாங்கு மீன். மற்றொன்று, மூங்கில் குச்சியில் கோத்துச் சுட்ட கோழித் துண்டுகள். பின்னதன் பெயர் யாகிதோரி. நேர்ப்பொருள் 'சுட்ட பறவை'. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தனை எளிய சொல் அரிதாகவே வாய்க்கும்! நெருப்பு ஒன்றாயினும் இவ்விரண்டின் சரித்திரமும் ஒன்றன்று.

கி.பி. 675இல் தெம்மு சக்கரவர்த்தி, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை உண்ணலாகாதென ஆணையிட்டார். பௌத்த நெறி அதற்கு ஒரு காரணம். மீனுக்கு அத்தடை இல்லை. எட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒதோமோ நோ யாகமோச்சி, மெலிந்த நண்பரொருவரைக் கோடை வாட்டத்துக்கு விலாங்கு உண்ணுமாறு கேலியாகப் பாடினார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதென்று விலாங்கைப் பழிக்கும் நமக்கு இது வியப்பாகவே இருக்கும்.

இன்று டோக்கியோ எனப்படும் எதோ நகரில், பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வுணவு பெரிதும் பரவியது. கோடையில் விற்பனை குன்றிய கடைக்காரர் ஒருவர்க்கு, ஹிராகா கென்னாய் என்னும் அறிஞர் 'இன்று எருது நாள்' என்று பலகை எழுதித் தந்தாராம், கூட்டம் திரண்டதாம். செவிவழிக் கதைதான், ஆயினும் அந்நாளில் விலாங்கு உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. எதோவின் சமையற்காரர் மீனை முதுகுப்புறம் கீறி, ஆவியில் வேகவைத்தபின் சுடுவர். ஒஸாகாவினர் வயிற்றுப்புறம் கீறி, வேகவைக்காமலே சுடுவர். வயிற்றைக் கீறுவது, வயிற்றைக் கிழித்து உயிர்விடும் வழக்கத்தை நினைவூட்டியதால் எதோவின் போர்வீரர்க்கு ஆகவில்லை என்பர்.

1872இல் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி உண்டார். ஊனுண்பது பற்றிய கூச்சம் தளர்ந்தது. கோழி உணவகங்களில் கழிந்த துண்டுகளைத் தெருக்கடையினர் குச்சியில் கோத்துச் சுட்டனர். கோழிப்பண்ணைகள் பெருகிய 1960களுக்குப் பின் அது எளியவர் மாலைப்பொழுதின் உணவாயிற்று.

விலாங்கின் கதையோ தலைகீழாயிற்று. 2014இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஜப்பானிய விலாங்கை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. மரியானாத் தீவுகளுக்கு மேற்கே கடலில் அது முட்டையிடுவதை 2009இல்தான் ஆய்வாளர் முட்டைகளையே கண்டு உறுதிசெய்தனர். மறு ஆண்டே ஆய்வுக்கூடத்தில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததை உண்டாக்கிக் காட்டினர். ஆயினும் பண்ணைக் குளங்களில் வளர்வன பெரும்பாலும் கடலிலிருந்து வந்து ஆற்று முகத்துவாரங்களில் பிடிபட்ட குஞ்சுகளே.