துரைமார் தட்டுக்குப் போட்ட பாத்தி

டிசம்பர் பிறந்துவிட்டால் நீலகிரியின் கேத்தி பாலாடாவில் நாங்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவோம். மேகம் மூடியிருந்தால் நிம்மதி. நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அடங்கிவிட்டால் விடியலில் உறைபனி நிச்சயம். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்கும்போதே ஓடையோரத்துக் கேரட் பாத்தி சுண்ணாம்பு தெளித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். அப்புறம் ஏன் காய்கறியைப் பள்ளத்தில் போடுகிறீர்கள் என்று கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தண்ணீரும் கறுத்த மண்ணும் அங்கேதான் இருக்கின்றன என்பது பாதி பதில். மீதிக்கு இருநூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது இங்கே விவசாயம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. படுகர்கள் சரிவுகளில் சாமை, ராகி, கோதுமை, பார்லி விதைத்தார்கள். பூண்டும் கடுகும் போட்டார்கள். இரும்புக் கருவிகள் கோத்தர் பட்டறையிலிருந்து வந்தன. பள்ளங்கள் சதுப்பாகக் கிடக்க, சுற்றியிருந்த புல்வெளிகளில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. தானியம் போட்டவர்கள் மேட்டைப் பிடித்துக்கொண்டதில் காரணம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பனி எங்கே தேங்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சல்லிவன் உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்கனிகளையும் கொண்டுவந்து ஊன்றினார். கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் அவர் பங்களா இன்று நினைவகம். அவருக்கு மரியாதை செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பாத்திகளில் களை பறித்தவர்களுக்கும் ஒரு கல்வெட்டு வைத்திருக்கலாம்.

சமவெளி வெயிலுக்குத் தப்பி மேலே வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கோஸும் கேரட்டும் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கிலேயே 1830-களின் தொடக்கத்தில், கவர்னர் லஷிங்டன் காலத்தில், அரசாங்கம் ஒரு சோதனைப் பண்ணை வைத்துப் பார்த்துச் சில வருஷங்களில் மூடிவிட்டது. 1847-ல் ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். சந்தா கட்டியவர் வீட்டுக்குக் காய் வரும். அடுத்த வருஷம் லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகிய மெக்ஐவர் வந்து சேர்ந்தார். இன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு நுழைகிறோமே, அந்தத் தாவரவியல் பூங்காவின் தொடக்கம் இந்தச் சந்தாக் காய்தான். மெக்ஐவர் கைக்கு வந்த நிலத்தில் மேல்பகுதி மரம் அடர்ந்த செங்குத்துச் சரிவு, கீழ்ப்பகுதி சதுப்பு. சதுப்பை வடித்துப் புல்தரையாக்கினார்கள். தண்ணீர் போயிற்று, பனி அங்கேயே இருந்துவிட்டது. ஜனவரியில் பத்திரிகைக்காரர்கள் வெள்ளைப் புல்தரையைப் படமெடுக்க வரும்போது பூங்காக்காரர்கள் மிலார் செடித் தழையை வைத்து மலர்ச்செடிகளை மூடிக்கொண்டிருப்பார்கள். மற்றப் பள்ளங்களிலும் பிறகு இதே வேலை நடந்தது. வடித்த சதுப்பில் நல்ல மண் கிடைத்தது. அதோடு சேர்த்துப் பனியையும் வாங்கிக்கொண்டோம்.

என் அம்மா இலங்கையின் நுவரெலியாவில் பிறந்தவள். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதியது. அந்தக் கணக்கில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. அங்கே தோட்டத்து லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போட்டவள், இங்கே அடுத்தவர் நிலத்தில் கேரட் பிடுங்கினாள். இப்போது நான் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். நுவரெலியாவுக்கும் இதே கதைதான். சாமுவேல் பேக்கர் என்ற துரை மாடு, ஆடு, ஏர், ஆள் என்று ஒரு பண்ணையையே இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு 1848-ல் அங்கே போய் இறங்கினார். மெக்ஐவர் ஊட்டிக்கு வந்த அதே வருஷம்! இதை அம்மாவிடம் சொன்னேன். “ரெண்டு மலையிலயும் பாத்தி கட்டுனது நம்ம ஆளுகதானே தம்பி, அதையும் எழுது” என்றாள். இந்த மலையைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரியில்லை. இங்கே மலைக்காய்கறியைத் தொழிலாக வளர்த்தெடுத்ததில் படுகர்களின் பங்குதான் பெரிது. நாங்கள் பின்னால் கூலிக்கு வந்தவர்கள். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

அம்மா காலத்தில் பிடுங்கிய கேரட்டை ஓடையில் போட்டுக் காலால் மிதித்துக் கழுவுவார்கள். மார்கழித் தண்ணீரில் கால் மரத்துவிடும். கரையில் நெருப்பு மூட்டி வைத்திருப்பார்கள். இப்போது அந்த வேலையை மெஷின் செய்கிறது. குளிர் மட்டும் குறையவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டுமென்பதால் நள்ளிரவுக்குப் பிறகு தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்குகிறார்கள். பனியில் கேரட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தழை கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். பீன்ஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெயில் படுவதற்கு முன் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிட்டால் தழையையும் ஓரளவு காப்பாற்றலாம். வெயில் முந்திக்கொண்டால் மதியத்துக்குள் கறுத்துவிடும்.

சுற்றுவட்டாரப் புல்லும் இப்படித்தான் கருகுகிறது. நீலகிரிப் புல்வெளியில் ஏன் மரம் முளைப்பதில்லை என்று ஆராய்ந்து, உறைபனி கன்றுகளைக் கொன்றுவிடுகிறது என்று 1938-ல் எழுதினார் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன். தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், புல் கருகினால் காட்டெருமை பாத்திக்கு வரும் என்பதுதான். தகரம் தட்டினால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயும்.

கேரட்டுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததே உருளை விழுந்ததால்தான். ஒரு காலத்தில் நீலகிரி என்றாலே உருளைக்கிழங்குதான். முத்தொரையில் 1957-ல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே வந்தது. 1961-ல் இந்த மண்ணில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். வேரைத் தாக்கும் அந்தப் புழுவின் முட்டைக்கூடு, உருளை போடாவிட்டாலும் பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும். நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகக் கூடாது என்று 1971-ல் தடை வந்தது. புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா 1985-ல் கிடைப்பதற்குள் பாதிப் பேர் தேயிலைக்கும் மீதிப் பேர் கேரட், கோஸுக்கும் மாறியிருந்தார்கள்.

ஆனாலும் ஜனவரி பிறந்தால் நீர்போக உருளைப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. கார்போகமும் கடைபோகமும் மழையை நம்பியவை. நீர்போகம் ஓடையை நம்பியது, அதனால் பள்ளத்துக்காரர்களுக்கே உரியது. மழை குறைந்த மாதங்கள் என்பதால் இலைக்கருகல் தொல்லையும் குறைவு. பக்கத்துப் பாத்திக்காரர் விதைக்குச் சொல்லி வைத்துவிட்டார். “பனி இன்னும் பத்து நாள்தான், தைரியமா போடுங்க” என்கிறார். பிப்ரவரியிலும் பள்ளத்தில் பனி பார்த்திருக்கிறேன். நான் பாதி நிலத்துக்கு மட்டும் விதை கேட்டிருக்கிறேன்.