திருவக்கரைக் கல்மரங்கள்

ஈழத்து முருகன் தலத்தின் பெயரையே தாங்கி நிற்கும் எங்கள் புதுச்சேரிக் கதிர்காமத்தில் வசிப்பவர்களுக்கு, ஊரைத் தாண்டி வடக்கே கோரிமேட்டில் ஏறியதும் மண்ணின் நிறம் மாறிவிடுவது சிறு வயது முதலே பழகிய காட்சியாகும். கடலோரத்து வெளிறிய மணல் பின்தங்கிவிட, செங்கல்லைப் பொடித்துப் பரப்பியது போன்ற மேட்டு நிலமும், ஐப்பசி கார்த்திகை மழை அதில் கீறிய ஓடைகளும் கண்ணில் படத் தொடங்கும். அந்தச் செம்மேட்டின் சரித்திரம் எவ்வளவு நெடியது என்பதை நான் உணர்ந்துகொண்டது, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, வானூர் வட்டத்தைச் சேர்ந்த திருவக்கரைக்குச் சென்ற நாளிலேதான்.

திருவக்கரை என்றவுடன் நம்மவர்க்கு நினைவு வருவது சங்கராபரணி ஆற்றங்கரையில் வீற்றிருக்கும் வக்கிரகாளியும், பௌர்ணமிதோறும் அவள் சந்நிதியில் கூடும் ஜனத்திரளுமே. ஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். செம்பியன் மாதேவியார் கற்றளியாகத் திருப்பணி செய்த சந்திரமௌலீசுவரர் ஆலயம். வக்கராசுரன் என்னும் அரக்கனைத் திருமால் சக்கரத்தால் அழித்தார் என்றும், அவன் சகோதரியைக் காளி வதைத்தாள் என்றும் ஸ்தல புராணம் கூறும். ஊருக்குச் சிறிது தொலைவில் செம்மண் மேடுகளில் சிதறிக் கிடக்கும் பிரம்மாண்டமான உருளைக் கற்களை, அன்று மடிந்த அந்த அசுரனுடைய எலும்புகள் என்றே தலைமுறை தலைமுறையாக இவ்வூரார் சொல்லி வந்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டையும் கணுவும் நாரோட்டமும் கொண்டு, தட்டினால் கல்லாக ஒலிக்கும் ஒரு பொருளைக் கண்டவர்கள், இது வெறுங்கல் அன்று, முன்னொரு காலத்தில் உயிரோடு வளர்ந்த ஓர் உடலின் மிச்சம் என்று ஊகித்தார்களே, அந்த ஊகத்தின் பாதி உண்மைதான்.

அது மரத்தின் உடல் என்பதை ஐரோப்பிய உலகத்துக்கு முதலில் எழுதி அறிவித்தவர், லியோன் நகரத்தில் 1748இல் பிறந்த பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர். 1774 முதல் 1781 வரை கீழ்த்திசை நாடுகளில் தாம் செய்த யாத்திரைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1782இல் பாரிஸில் வெளியாயிற்று. பின்னாளில் ஏனாமில் அதிகாரியாக இருந்த அவரை, 1793இல் பிரெஞ்சுப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் சிறைப்படுத்தி, 1813 வரை புதுச்சேரியிலேயே வைத்திருந்தனர். இருபது ஆண்டுக் காலம் இந்நகரத்தில் அடைபட்டிருந்த அந்த மனிதர், தாம் முன்பு கண்டெழுதிய செம்மேடுகளை மீண்டும் பார்க்க ஏங்கியிருப்பாரோ என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

இம்மரங்களின் கதை ஆதி முதல் அந்தம் வரை நீரின் கதையே. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மேற்கே எங்கோ வளர்ந்திருந்த பெருமரங்களை வெள்ளம் வேரோடு பறித்துக்கொண்டு வந்து, இங்கே மணலிலும் பரலிலும் புதைத்தது. எந்த மரத்திலும் கிளையோ இலையோ இல்லாமல், எல்லாம் அடிமரங்களாகவே படுத்துக் கிடப்பதே, அவை முளைத்த இடம் இதுவன்று என்பதற்குச் சாட்சி. அதன் பிறகு, மணலினூடே கசிந்த நீர், தன்னுள் கரைந்திருந்த சிலிக்காவை மரத்தின் அணு அணுவான அறைகளுக்குள் கொண்டு சேர்க்க, மரம் சிறிது சிறிதாய்த் தன் பொருளை இழந்தும் தன் வடிவத்தை இழக்காமல் கல்லாயிற்று. புதைத்த மணலோ செந்நிற மணற்பாறையாயிற்று. கடலூர் மணற்பாறை என்று சாஸ்திரிகள் பெயரிட்டிருப்பது இதைத்தான். தெற்கே நெய்வேலியில், இதே பாறையைத் தோண்டி அகற்றிய பிறகுதான் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. அங்கே மரம் கரியாயிற்று, இங்கே கல்லாயிற்று.

கல்லான பின்னும் மரத்தின் குலம் மறையவில்லை. மெல்லிய சீவலாக அறுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், இன்ன மரம் என்று இனம் காண முடிகிறது. ஊசியிலை மரச் சாதியைச் சேர்ந்த ஒன்றைத் தொல்தாவர ஆராய்ச்சியாளர் பீர்பல் சாஹ்னி 1931இல் மறு ஆராய்ச்சி செய்து வகைப்படுத்தினார். 1950களில் அதே துறையைச் சேர்ந்த இராமானுஜம் வேறு பலவற்றை ஆராய்ந்தார். புளி, மருது, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் அவற்றுள் அடங்கும். இன்றைக்கும் திருவக்கரைச் சாலையோரம் நிழல் தரும் புளிய மரத்துக்கு, சில வயல்களுக்கு அப்பால் கல்லாகிக் கிடப்பது தூரத்து உறவு என்று அறியும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்நிலத்தைத் தன் பாதுகாப்பில் கொண்டுவந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள, இதனினும் மிகப் பழைய கல்மரத்தைப் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்ததும் அதே ஆண்டில்தான். திருவக்கரைப் பூங்கா 247 ஏக்கர், ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றில் சிறு பகுதியே நாம் சென்று பார்ப்பதற்கு. 3 முதல் 15 மீட்டர் நீளமுள்ள சுமார் 200 மரங்கள் இங்கு உண்டு.

கல்லைக் காக்கக் காவல் எதற்கு என்று என்னுடன் வந்த உறவினர் கேட்டார். மரம் கடினமானதுதான், அதைத் தாங்கும் தரையோ விரலால் கீறினாலும் உதிர்வது. நெடுங்காலம் மறைந்திருந்த மரங்களை நமக்குக் காட்டியது மண்ணை அரித்த மழை. அதே மழைதான் ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் படுக்கையைக் கரைத்து, அவற்றை உருட்டிப் பிளக்கிறது. ஓடையின் விளிம்பில் ஒருவர் கால் வைத்து இறங்கினால், அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். போதாததற்குச் சுற்றுப்புறக் கருங்கல் குவாரிகளின் வெடி அதிர்வு. அதனினும் கொடியது, ஞாபகார்த்தமாக ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளும் நம் கை. அமெரிக்காவின் அரிசோனாவில், இதைப் போன்ற கல்மரக் காடு ஒன்று 1906இலேயே பாதுகாக்கப்பட்டது. அங்கிருந்து துண்டுகளை எடுத்துச் சென்ற பலர், பிற்பாடு மனம் நொந்து, மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்பது தெரியாமற் போனதால், திரும்பி வந்த கற்களைப் பழைய இடத்தில் வைக்க வழியின்றித் தனியே குவித்திருக்கிறார்கள். அந்தக் குவியலைப் பற்றிப் படித்தது முதல், குழந்தைகளை இங்கு அழைத்து வரும்போது, வாயிலிலேயே அவர்களுக்கு இக்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மார்கழியில் போனபோது மழை ஓய்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. வேலியை ஒட்டிய ஓடைக்கரையில், ஈரம் காயாத செம்மண்ணுக்குள்ளிருந்து, முன்பு நான் காணாத ஓர் அடிமரத்தின் முனை ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிந்தது. அதன் வளையங்களில் மழைநீர் இன்னும் தங்கியிருந்தது. அருகே செல்லாமல் நின்று பார்த்துவிட்டு, வந்த ஒற்றையடிப் பாதையிலேயே திரும்பினோம்.